மட்டாஞ்சேரிக்கு உபரி ஒன்று புள்ளி மூன்று

மூன்றாவது தலையணையை நான் தைத்தது கலூருக்குப் போவதற்கு முன்பா பின்பா என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. மற்றதெல்லாம் ஓரளவு நினைவிருக்கிறது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், தட்டில் எத்தனை பழம்பொரி மிச்சமிருந்தது என்பதுகூட. இந்த ஒன்றில் மட்டும் மனம் ஒவ்வொரு முறையும் வேறு தேதியைச் சொல்கிறது. வரிசையாக எழுதிக்கொண்டு போனால் அந்தத் தேதி தானாக வந்து உட்காரலாம்.

என் பெயர் சுடலைமணி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கமாலுதீன் முதலாளியின் சுக்குக் கிடங்கில் சாக்கு தைக்கிறேன். வாய் திறக்க வேண்டாத வேலை. காலையில் வாய்க்குள் போட்ட ஒரு யோசனையைச் சாயங்காலம் வரை மென்றுகொண்டிருக்கலாம். என் மனைவி செல்வலட்சுமி அதே கிடங்கில் சுக்கு பொறுக்குகிறவள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவளுடைய இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, தினமும் நீர் மாத்திரை. அப்படியே பதினாறு வருடம் ஓட்டிவிட்டோம்.

ஓட்டியது டாக்டர் சுல்ஃபத்தால். பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம். பஜார் வார்டு சுகாதார நிலையத்துக்கு இருந்த ஒரே டாக்டர்.

அங்கே ஓ.பி. சீட்டுக்கு நின்றால் மதியம் ஒரு மணி ஆகிவிடும். பொறுக்குகிற பெண்களுக்கு எடைக் கூலி. வரிசையில் நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு என்ன நோவு என்று செவ்வாய்க்கிழமையே என்னிடம் சொல்லிவிடுவார்கள். எனக்குத் தமிழும் மலையாளமும் எழுத வரும் என்பதால் வந்த பதவி. புதன்கிழமை காலையில் நான் என் பெயரில் ஒரே ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு, அறுபத்து மூன்று பேருடைய நோவையும் தாளில் எழுதி டாக்டர் முன்னால் வைப்பேன். தாளின் பின்பக்கம் அவர் எழுதித் தருவார். இவருக்கு இந்த மாத்திரை, இவரை நேரில் அனுப்பு, இவருக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் தூங்கச் சொல். பஜாரில் இருக்கிற பதினோரு கிடங்கும் இப்படித்தான். பதினோரு ஆள், பதினோரு சீட்டு.

டாக்டர் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தேடுவது செல்வலட்சுமியின் வரியை. அதில் வேறொன்றும் இருக்காது. அவள் மூச்சு முட்டாமல் படுக்க எத்தனை தலையணை வேண்டியிருக்கிறது என்ற எண் மட்டும்.

"ரெண்டுல நிக்குதா?" என்பார்.

"ரெண்டுதான் டாக்டர்."

"மூணு ஆச்சுன்னா நீங்க லிஸ்ட் எழுதிக்கிட்டு இருக்கக் கூடாது. அன்னைக்கே ஆளோட வந்துடணும்."

எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு தலையணைதான். இரண்டும் அவளுடையது.

ஜனவரியில் மருத்துவர் தேவை முன்கணிப்பு வாரியத்திலிருந்து அம்ருதா என்ற பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். இன்னும் பதினைந்து வருடத்தில் எந்த வார்டுக்கு எத்தனை டாக்டர் குறைவார்கள், எத்தனை பேர் கூடுவார்கள் என்று கண்டுபிடிக்கிற வாரியம். டாக்டர் சந்தோஷப்பட்டார். எண்ணிப் பார்த்தால் இரண்டாவது டாக்டர் கிடைப்பார் என்று அவர் நம்பினார். அன்று நான் தாளோடு உள்ளே இருந்தேன்.

"இன்னைக்கு சீட்டு நாப்பத்தொண்ணு. ஆனா இவர் ஒருத்தர் சீட்டுலேயே அறுபத்து மூணு பேர் இருக்காங்க. அதையும் எழுதிக்கோங்க" என்றார் டாக்டர்.

அம்ருதா என் தாளையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல சீட்டுக்குத்தான் கட்டம் உண்டு டாக்டர். ஆளுக்குக் கட்டம் இல்லா."

"அப்போ ஆளை எங்க எழுதுவீங்க?"

"அது வேற புராஜெக்ட்" என்றாள். கெட்ட பெண் இல்லை. போகும்போது என் தாளைப் படம்பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் வார்டுக்கு விருது வந்தது.

சுகாதார நிலையத்தின் முற்றத்தில் பந்தல் போட்டு நிலவிளக்கு ஏற்றினார்கள். வாரியத்தின் இணை இயக்குநர் ஸ்ரீநாத் வந்திருந்தார். மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு பொன்னாடை, முன்னால் 'டாக்டர், 2041' என்று ஒரு பெயர்ப்பலகை. வாரியத்தின் எந்தக் கூட்டத்திலும் எதிர்கால மருத்துவருக்கு ஓர் இருக்கை உண்டாம். எல்லோருக்கும் சாயா கொடுத்தபோது அந்த நாற்காலிக்கு முன்னாலும் ஒரு சாயா வைத்தார்கள்.

ஸ்ரீநாத் மலையாளத்தில் பேசினார். என் தமிழில் தருகிறேன்.

"மற்ற வார்டுகள் டாக்டர் இல்லை, டாக்டர் இல்லை என்று அழுகின்றன. நீங்கள் அழுவதில்லை. ஐந்தாயிரம் பேர் வேலை செய்கிற பஜாரில் ஒரு நாளைக்கு நாற்பத்தொரு சீட்டு. மாவட்டத்திலேயே ஆரோக்கியமான வார்டு இதுதான். எங்கள் கணிப்பின்படி 2041-ல் இங்கே ஒன்று புள்ளி மூன்று டாக்டர்கள் உபரியாக இருப்பார்கள். இது வெறும் எண் அல்ல, நண்பர்களே. இன்று எங்கோ ஆறாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை படித்துக்கொண்டிருக்கிறாள். விளையாடாமல், தூங்காமல் படித்து டாக்டராகிறாள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு இந்த அறையில் வந்து உட்காருகிறாள். வாசலைப் பார்க்கிறாள். ஒருவரும் வரவில்லை. மணி பத்தாகிறது. பதினொன்றாகிறது. நோயாளி இல்லாத ஒரு டாக்டரின் தனிமையை நீங்கள் நினைத்துப் பார்த்ததுண்டா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாளும் முந்தானையை எடுத்தாள். கிடங்கில் முப்பது வருடமாகச் சுக்கு பொறுக்குகிறவள், எதற்கும் கலங்காதவள்.

"பாவம்ணே அந்தப் புள்ள" என்றாள். "யாராச்சும் போய் சும்மானாச்சும் ஒரு தலவலின்னு சொல்லக் கூடாதா?"

அந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு கொடுமை நேராமலிருக்க உபரியை இப்போதே குறைக்கத் தொடங்குவதாக ஸ்ரீநாத் அறிவித்தார். திங்கட்கிழமை முதல் டாக்டர் சுல்ஃபத் விடுவிக்கப்படுகிறார். பிறகு வார்டுக்குக் கேடயம் கொடுத்தார். அதை வாங்க டாக்டரையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வந்து வாங்கிக்கொண்டார். கேடயத்தை அந்தக் காலி நாற்காலியின் மேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

கூட்டத்தில் யாரோ எழுந்து, ஒன்று போய்விட்டது, மீதிப் புள்ளி மூன்று என்னவாகும் என்று கேட்டார்கள். வஞ்சனையில்லாத கேள்வி. அதற்கு அடுத்த வாரம் பதில் வந்தது. புள்ளி மூன்றுக்கு ஈடாக நர்ஸை வாரம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். மிச்ச நாட்களில் நர்ஸ் இருந்தார். ஆனால் டாக்டர் இல்லாத இடத்தில் செல்வலட்சுமிக்குப் போடுகிற ஊசியைப் போட அவருக்கு அனுமதியில்லை.

அந்தப் புதன்கிழமையும் நான் தாளோடு போனேன். கால் பழகிவிட்டது. சீட்டு கொடுக்கிற ஜஸ்னா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாக்டர் இல்லா சேட்டா. சீட்டு வேணும்னா தராம்."

"சீட்ட வச்சு என்ன செய்ய?"

"எனக்கும் அறியில்லா. மெஷின் ஓடுது, அதனால ஞான் இருக்கேன்."

சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அறுபத்து மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

சீட்டால்தானே போனது, சீட்டாலேயே திருப்பிக் கொண்டுவருவோம் என்று யோசனை சொன்னது ஒச்சம்மாள். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு கிடங்கும் அரை நாள் அடைத்தார்கள். கமாலுதீன் முதலாளி தாமே வந்து வரிசையில் நின்றார். அவருக்குச் சர்க்கரை. அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டு. ஜஸ்னாவின் மெஷினில் இரண்டு முறை தாள் தீர்ந்தது. உள்ளே காலி அறைக்கு ஒவ்வொருவராகப் போய், காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, வெளியே வந்தோம். சிலர் பழக்கத்தில் நாக்கை நீட்டிக் காட்டினார்கள்.

ஒச்சம்மாள் சீட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"எம்பேரத்தான் போட்டிருக்கா அந்தப் புள்ள?"

"உன் பேருதான்."

"முப்பது வருசத்துல மொத தடவண்ணே" என்று அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தாள். செல்வலட்சுமி அன்றைக்கு வரிசையில் உட்கார்ந்தபடி நகர்ந்தாள். நின்றால் மூச்சு வாங்கியது. நான் பார்த்தேன். அது நினைவிருக்கிறது.

வாரியத்தின் பதில் பத்து நாளில் வந்தது. ஒரே நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்பது இயல்பான நோய்நிலை அல்ல என்பதால் கணினி அதைத் திருவிழாவாகக் கருதி நீக்கிவிட்டது. மேலும் மருத்துவரைச் சந்தித்து முடிந்த சீட்டு மட்டுமே தேவையாகக் கொள்ளப்படும். மருத்துவர் இல்லாத நிலையத்தில் மருத்துவரைச் சந்திக்க இயலாது. ஆகவே வார்டின் இன்றைய மருத்துவத் தேவை பூஜ்ஜியம். 2041-க்கான கணிப்பு பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே மெய்யாகிவிட்டது. இதற்காக உழைத்த அலுவலர்களை வாரியம் பாராட்டுகிறது. ஆட்சேபம் இருப்பின் இணைப்பிலுள்ள படிவத்தில் மாதிரி நோயாளிகளைக் குறிப்பிட்டு நேரில் வரவும்.

படிவத்தில் இருபது வரி இருந்தது.

அறுபத்து மூன்றிலிருந்து இருபதைப் பொறுக்குவது சுக்கு பொறுக்குவதைவிடக் கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். பத்தொன்பது ஆனதும் செல்வலட்சுமியைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒச்சம்மா அக்காவப் போடுங்க. அவ கண்ணு ரொம்ப மோசமாயிட்டு" என்றாள்.

"நீ?"

"நான் உங்க வீட்டு ஆளுதானே. என்னைய போட்டா, எழுதுறவன் பொண்டாட்டியப் போட்டுக்கிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

அதை அவள் சொன்னாளா, நான் மனதில் நினைத்ததை அவள் வாயில் வைக்கிறேனா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இருபதாவது வரியில் ஒச்சம்மாளை எழுதினேன்.

மார்ச் இரண்டு, திங்கட்கிழமை, படகேறி எறணாகுளம் போய் அங்கிருந்து பஸ்ஸில் கலூர் போனேன். டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் வாரியம். நீண்ட வராந்தா. இரு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் டாக்டர் இன்னார், டாக்டர் இன்னார் என்று பலகை. நான் எண்ணினேன். பத்தொன்பது. பஜாரில் ஒருவர்கூட இல்லை. இந்த வராந்தாவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு டாக்டர் இருந்தார், ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால்.

நான் பார்ப்பதை ஸ்ரீநாத் கவனித்துவிட்டார்.

"குறைவாகத் தெரிகிறதல்லவா?" என்றார். "முப்பத்திரண்டு பேர் தேவை. டாக்டர் பற்றாக்குறையைக் கணிக்கவே எங்களுக்கு டாக்டர் பற்றாக்குறை. உங்களைப் போன்ற உபரி வார்டுகள் கொடுத்து உதவுவதால்தான் சமாளிக்கிறோம்."

விசாரணை அறையில் ஸ்ரீநாத், அம்ருதா, நான், 2041-ன் டாக்டர். நான்கு பேருக்கும் சாயா வந்தது. பழம்பொரித் தட்டில் ஐந்து இருந்தன. முடியும்போதும் மூன்று மிச்சமிருந்தன.

அம்ருதா டேப்லெட்டைப் பார்த்து மெதுவாக வாசித்தாள். "சுடலைமணி. ஆண். நாப்பத்தாறு வயசு. போன வருஷம் நாலு தடவ கர்ப்பம். ரெண்டு காதுலயும் சீழ். பால் பல்லு வலி. கண்புரை. மாசவிலக்கு நின்னதுக்கு அப்புறம் ரத்தப்போக்கு." நிமிர்ந்தாள். "இப்படி ஒருத்தருக்கு ஜீவிக்க பற்றில்லல்லோ சேட்டா. கம்ப்யூட்டர் தெற்றுன்னு பறஞ்சு எடுத்துக் களஞ்சு."

இப்படி ஒரு ஆள் உயிரோடு இருக்க முடியாதாம், கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லி எடுத்து எறிந்துவிட்டதாம்.

"அது நான் இல்லம்மா. அறுபத்து மூணு பேரு."

"சீட்டுல பேரு?"

"என் பேரு."

ஸ்ரீநாத் முன்னால் சாய்ந்தார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. "இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்று, உங்கள் பெயரில் அறுபத்து மூன்று பேருக்குச் சட்டவிரோதமாகச் சிகிச்சை வாங்கியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்களும் அந்த டாக்டரும் பதில் சொல்ல வேண்டும். அல்லது, அப்படி ஒரு நோயாளியே இல்லை. இல்லை என்று எழுதிக் கொடுப்பது எல்லோருக்கும் நல்லது. உங்களுக்காகத்தான் சொல்கிறேன்."

டாக்டரும் பதில் சொல்ல வேண்டும் என்றதும் பேனாவைக் கேட்டு வாங்கினேன். எதிர்கால டாக்டரின் சாயாவில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, பஜார் வார்டில் சுடலைமணி என்ற நோயாளி இல்லை என்று எழுதிச் சுடலைமணி என்று கையெழுத்துப் போட்டேன். இல்லாத நோயாளியின் படிவத்தைப் பெற விதியில்லை என்று இருபது வரியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மாடிப்படியில் டாக்டர் சுல்ஃபத் ஏறி வந்துகொண்டிருந்தார். கழுத்தில் வாரியத்தின் அடையாள அட்டை. நோன்பு மாதம், உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கையை நீட்டினார். நானும் எதுவும் சொல்லாமல் தாளைக் கொடுத்தேன். அது படிவம் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அவர் படியிலேயே உட்கார்ந்து படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை. மறுபடி மேலிருந்து கீழே.

"செல்வலட்சுமி வரி எங்க?"

"இருபதுதான் டாக்டர் எழுதலாம்."

"அதனால?"

நான் அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன்.

"சரி, எத்தனை தலையணை?"

"ரெண்டு" என்றேன்.

பதினாறு வருடமாகச் சொன்ன பதில். கேள்வி முடியும் முன்பே வாயிலிருந்து வந்துவிடும்.

அவர் மூச்சை விட்டார். "ரெண்டுன்னா சமாளிக்கலாம். ஊசிக்கு வர்ற வாரம் எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் அங்க ஒருத்தருக்குச் சொல்லி வைக்கிறேன். மூணு ஆச்சுன்னா வாரமெல்லாம் பாக்காதீங்க. அன்னைக்கே."

"சரி டாக்டர்."

"இங்க எனக்கு மருந்துச் சீட்டே கிடையாது" என்று சொல்லிவிட்டு, படிவத்தைத் திருப்பி முழங்காலில் வைத்து, பின்பக்கம் இருபது பேருக்கும் எழுதித் தந்தார். இருபத்தொன்றாவதாக, கட்டத்துக்கு வெளியே, செல்வலட்சுமி, இரண்டு என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான். வர்ற வாரம் என்று டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். இந்த லோடு முடியட்டும், வியாழக்கிழமை போகலாம் என்றாள். நானும் சரி என்றேன். அந்த நாட்களில் அவள் சாய்ந்து தூங்கிய மூன்று தலையணைகள் கண் முன்னால் நிற்கின்றன. மூன்றாவது, புதுச் சாக்குத் துண்டில் பஞ்சு அடைத்து நான் தைத்தது. கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்ததும் நினைவிருக்கிறது. அவள், "இப்பத்தான் மெத்தை வீட்டுக்காரி மாதிரி இருக்கு" என்று சிரித்ததும் நினைவிருக்கிறது. அது படிக்கட்டுக்கு முந்திய சிரிப்பா, பிந்தியதா?

மார்ச் பதினொன்று, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குச் செல்வலட்சுமி கிடங்கில், நான் தைத்து அடுக்கிய மூட்டைகளில் சாய்ந்தபடி இறந்துபோனாள். பக்கத்தில் இருந்த ஒச்சம்மாள் அவள் அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து, அவளுடைய முறத்தில் இருந்ததையும் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வாரியத்தின் அடுத்த காலாண்டு அறிக்கையில் பஜார் வார்டைப் பற்றி ஒரு வரி உண்டு. நீண்டகால நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்துள்ளது, முன்னேற்றம். அவளை வாரியம் எண்ணியது அந்த ஒரு முறைதான்.

ஸ்ரீநாத் பதவி உயர்வு பெற்றார். வாரியம் களமசேரியில் பெரிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. அம்ருதா டேப்லெட்டில் 'ஆள்' என்று ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டு எழுதினாள், இப்போது அவள் வேறு துறையில் இருக்கிறாள். டாக்டர் சுல்ஃபத் பஜாருக்குத் திரும்ப விண்ணப்பித்தார். உபரி வார்டில் காலியிடம் இல்லை என்றார்கள். வேலையை விட்டுவிட்டுப் பாலக்காடு போய்விட்டார். துக்கம் கேட்க வந்த அன்று என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் எத்தனை தலையணை என்று அவர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஜஸ்னா சீட்டு மெஷினோடு இருக்கிறாள். ஒச்சம்மாளுக்கு ஒரு கண் போய்விட்டது. அந்தச் சீட்டு இன்னும் சுருக்குப்பையில் இருக்கிறது. கமாலுதீன் முதலாளி சர்க்கரைக்குத் தனியார் டாக்டரிடம் போகிறார்.

நான் சாக்கு தைக்கிறேன். கிடங்குக்கு வருகிற ஒவ்வொரு சாக்கிலும் வந்த தேதியை மையால் குத்துவார்கள். மூன்றாவது தலையணையைத் தைத்தபோது மை கன்னத்தில் ஒட்டக் கூடாதென்று குத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பித் தைத்தேன். அது அந்த வாரம்தான் வந்த சாக்கு. நான்கு தையலைப் பிரித்தால் தேதி தெரிந்துவிடும். கோணி ஊசி என் கையிலேயே இருக்கிறது. இதுவரை பிரிக்கவில்லை.